தலையணைக்கு அடியில் இருப்பது

நர்சிங் படிக்கும்போது ‘நோயாளியின் ஆன்மிகத் தேவைகள்’ என்று ஒரு பாடம் வரும். பரீட்சையில் 5 மார்க். மதகுருவை வரவழைக்க வேண்டும், வேத நூல்களைப் படிக்க உதவ வேண்டும் என்று நாலு வரி எழுதினால் மார்க் விழுந்துவிடும். நானும் அப்படி எழுதித்தான் தேறினேன். பிறகு 34 வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் வார்டு, பிரசவ வார்டு, சர்ஜரி என்று சுற்றிவிட்டு, கடைசிப் பத்து வருடம் புற்றுநோய் வார்டில் இருந்து ஓய்வு பெற்றேன்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று பழைய வார்டிலிருந்து கேட்டார்கள். மைக்கைப் பிடித்துப் பேச எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். ஊசி போடுவதும் மானிட்டர் பார்ப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். அந்த 5 மார்க் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் வலியைக் கவனியுங்கள்

வலியில் துடிக்கிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து மனசைப் பற்றிப் பேசாதீர்கள். நனைந்த ஷீட்டை மாற்றுங்கள். மலம் போய் எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். மார்ஃபின் எழுதியிருந்தால் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வந்து கத்தும் வரை காத்திருக்காமல், மணி பார்த்துக் கொடுங்கள்.

என் வார்டில் ஒரு தாத்தா இருந்தார். ராத்திரி முழுக்க “என்னைக் கூப்பிட்டுக்க முருகா” என்று ஒரே சத்தம். மாமா போகத் தயாராகிவிட்டார், இனி கோயில் தீர்த்தம் மட்டும் கொடுத்தால் போதும் என்று மருமகள் சொன்னார். டாக்டர் மார்ஃபின் அளவைச் சரிசெய்தார். மறுநாள் காலையில் தாத்தா கேட்ட முதல் கேள்வி, இட்லிக்குச் சட்னி ஏன் இல்லை என்பது. அன்று சாயங்காலம்தான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. வரப்புத் தகராறில் தம்பியோடு பல வருடமாகப் பேச்சு இல்லையாம். முருகனைக் கூப்பிட்ட சத்தத்தில் பாதி எலும்பு வலி, மீதி இந்தத் தம்பி.

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதைத்தான் ‘முழு வலி’ என்றார். உடம்பு வலி, மன வலி, குடும்பமும் பணமும் தரும் வலி, வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்ற வலி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் என்பார். அந்த அம்மா முதலில் நர்ஸ். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, ஆஸ்பத்திரிச் சமூகப் பணிக்குப் போய், அதன்பிறகு டாக்டருக்குப் படித்தவர். நர்சாக இருந்த கண்ணுக்குத்தான் அது தெரிந்தது என்று நான் பெருமைக்குச் சொல்லிக்கொள்வேன்.

2. உங்கள் சாமி டியூட்டி ரூமோடு நிற்கட்டும்

நான் தினமும் கும்பிடுகிறவள். யாரைக் கும்பிடுகிறேன் என்று எந்த நோயாளியிடமும் நானாகச் சொன்னதில்லை. “எங்க சாமியை வேண்டிக்கங்க, சரியாயிடும்” என்று நீங்கள் சொன்னால், கையில் ஊசியோடு நிற்கிறவளிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல அவருக்குத் தைரியம் வராது. தலையாட்டுவார். அது சம்மதம் ஆகாது.

அவராகவே “எனக்காக ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்” என்று கேட்டால் வேறு விஷயம். உங்களுக்கு மனசு ஒப்பினால் நில்லுங்கள். வேறு மதமாக இருந்தால், “நீங்க சொல்லுங்க, நான் கூட நிக்கிறேன்” என்று சொல்லுங்கள். ஒரு பாய் வீட்டு அம்மா துஆ ஓதி முடிக்கும்வரை டிரிப் பாட்டிலைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன். அன்று ஸ்டாண்டு இல்லை, அதனால் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவோ மரியாதைக்காக நிற்கிறேன் என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

பார்வையாளர் நேரத்தில் கட்டில் கட்டிலாக வந்து பிரார்த்தனை செய்துவிட்டுப் போகிற கூட்டம் எல்லா மதத்திலும் உண்டு. நோயாளியைக் கேட்டுவிட்டு விடுங்கள். வீட்டுக்காரர்கள் ஆசைப்பட்டாலும் அவர் ஆசைப்படுகிறாரா என்று தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள்.

3. கயிற்றை அறுக்காதீர்கள்

இது நான் செய்த தப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், 4 வயதுப் பையன், குடலிறக்க ஆபரேஷன். இடுப்பில் கறுப்பு அரைஞாண், அதில் செப்புத் தாயத்து. அடிவயிற்றில் கத்தி வைக்கும் இடம், அழுக்குக் கயிறு இருக்கக் கூடாது. கத்தரியால் ஒரே வெட்டு. குப்பை வாளியில் போட்டுவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டேன்.

அந்தத் தாய் சத்தம் போடவில்லை. வாளிக்குள் கை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். ரத்தப் பஞ்சும் ஊசி உறையும் கிடக்கிற வாளி. அந்தப் பையனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை, குலதெய்வக் கோயிலில் கட்டிய கயிறு அது என்று ஆயாம்மா பிறகு சொன்னார். பையன் நன்றாகத் தேறினான். டிஸ்சார்ஜ் அன்று அந்தத் தாய் டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். என்னைத் தாண்டிப் போனார்.

கயிறு அன்றைக்கு நீங்க வேண்டியதுதான். அதை யார் கழற்றுவது, எங்கே வைப்பது என்பதில்தான் நான் தவறினேன். அதன்பிறகு இப்படித்தான் சொல்வேன்: “அம்மா, இதை நீங்களே கழட்டி முந்தானையில முடிஞ்சு வைங்க. ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் நீங்களே கட்டிவிடுங்க.” சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது. கத்தி படாத இடத்தில், உலோகம் இல்லாத வெறும் கயிறாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு மேலே பிளாஸ்டர் ஒட்டிவிடலாம்.

4. தாலி

ஆபரேஷன் தியேட்டரில் ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் மின்கருவி இருக்கிறது. உடம்பில் நகை இருந்தால் தோல் வெந்துபோக வாய்ப்புண்டு. எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் போகவே கூடாது. இந்தக் காரணத்தை அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். ‘ரூல்ஸ்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலில் ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு தங்கத்தைக் கழற்றட்டும். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்காது. கழற்றியதை வீட்டுக்காரர் கையில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள், அது உங்கள் பாதுகாப்புக்கு.

5. காது சும்மாதான் இருக்கிறது

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். எனக்குத் தெரியாதா? ஒரு ராத்திரிக்கு ஒரே ஆளாக வார்டு முழுக்கப் பார்த்திருக்கிறேன். இதற்கென்று தனி நேரம் கேட்காதீர்கள், கிடைக்காது. உடம்பு துடைக்கும்போதும் வாய் சுத்தம் செய்யும்போதும் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போதும் கைதான் வேலை செய்கிறது. மற்ற நர்சோடு சம்பளக் கமிஷன் பேசுவதை அந்தப் பத்து நிமிடம் நிறுத்திவையுங்கள். முதுகைத் துடைக்கும்போது மனிதர்கள் அதிகம் பேசுவதைக் கவனித்திருக்கிறேன். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ.

6. “எனக்கு ஏன் சிஸ்டர்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள்

இதுதான் கஷ்டமான பாடம். என் கணக்கில் மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

ராத்திரி 2 மணி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், கரண்டு வைத்துக்கொண்டிருந்த அம்மா (கதிர்வீச்சை நம் ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள்). விழித்துக்கொண்டு கிடந்தார். “நான் யாருக்கு என்ன பாவம் பண்ணினேன் சிஸ்டர்?” என்றார். உங்கள் வாயில் உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். ‘அப்படியெல்லாம் பேசாதீங்க, எல்லாம் நல்லாயிடும், தூங்குங்க.’ நானும் வருடக்கணக்காக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கிறவருக்கு அதன் அர்த்தம், ‘என்னிடம் பேசாதே’ என்பதுதான். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய நர்சிங் குறிப்புகள் நூலில் இந்த வெறும் ஆறுதல் பேச்சைக் கண்டிக்கவே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறார். விளக்கேந்திய சீமாட்டி என்று படம் மாட்டுகிறோம், அவர் எரிச்சலோடு எழுதிய அந்தப் பக்கங்களைப் புரட்டுவதில்லை.

அன்று நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “உங்களுக்கு என்ன தோணுது?” என்று கேட்டேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஃபேன் சத்தம் மட்டும்தான். பிறகு சொன்னார்: “மாமியார் கடைசிக் காலத்துல தண்ணி கேட்டாங்க. காதுல விழாத மாதிரி இருந்துட்டேன்.”

“எத்தனை வருஷமாச்சு?” என்றேன். “இருபத்தெட்டு.”

அவ்வளவுதான் நான் பேசியது. மூன்று மணி வரை அவர்தான் பேசினார். மாமியார் கொடுத்த சூடு, கூரைவீடு, முதல் பிரசவத்தில் அதே மாமியார் மடியில் கிடத்திக்கொண்டது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. நான் மன்னிக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. மன்னிக்க நான் யார்? பேசி முடித்துவிட்டுத் தூங்கிவிட்டார். காலை ரவுண்ட்ஸில் டாக்டர், தூக்க மாத்திரைக்குப் பலன் தெரிகிறது என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். நான் திருத்தவில்லை.

இந்த நோய் ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருவது, அது பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஒரு வயதில் தொற்றிவிட்டுத் தானாகவே போய்விடுவது, சிலருக்குத்தான் தங்கி இப்படி ஆகிறது என்று அடுத்த நாள் பகலில் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். இதையே ராத்திரி சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும்.

7. தீர்த்தம், விபூதி, ஜம்ஜம் தண்ணீர், ஜெப எண்ணெய்

நெற்றியில் வைப்பதற்கு நான் தடை சொன்னதே இல்லை. ஐ.சி.யூ.வாக இருந்தாலும் கை கழுவிவிட்டு வந்து வைக்கட்டும். வாய்க்குள் போவதில்தான் கறாராக இருங்கள். ஆபரேஷனுக்கு வெறும் வயிறாக இருப்பவர், நினைவு தப்பியவர், விழுங்க முடியாதவர் எல்லோருக்கும் உதட்டில் நனைத்த பஞ்சால் ஒரு தடவு, அவ்வளவே. ஒரு ஸ்பூன் ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். புண், தொண்டையில் துளையிட்ட இடம், டியூப் நுழையும் இடம் எதிலும் விபூதியோ எண்ணெயோ படக் கூடாது.

ஆக்ஸிஜன் ஓடுகிற கட்டில் பக்கத்தில் கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவத்தி எதுவும் கூடாது. இதில் ‘அப்படியா, பரவாயில்லை’ என்று யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏற்றாத விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பக்தியில் ஒன்றும் குறையவில்லை.

8. ராகு காலம்

சிரிக்காதீர்கள். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. தியேட்டரில் முதல் கேஸ் எட்டு மணிக்கு. இந்த மோதல் வாரா வாரம் வரும். நம்பிக்கையோடு வாதாடினால் ரத்த அழுத்தம் ஏறி, கேஸ் தள்ளிப்போய்விடும். நான் ஏழே காலுக்கே அவரைக் கட்டிலை விட்டு டிராலிக்கு மாற்றி வார்டு வாசலைத் தாண்டவைத்துவிடுவேன். “நல்ல நேரத்துலயே கிளம்பிட்டீங்க” என்றால் முகம் தெளிந்துவிடும். கிளம்பும் நேரம்தானே கணக்கு. அவசர ஆபரேஷன் என்றால் இந்தச் சலுகை கிடையாது, அதையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்.

9. பிரசவ வார்டில்

முஸ்லிம் வீட்டுக் குழந்தை பிறந்ததும் வலது காதில் பாங்கு சொல்ல வருவார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். குழந்தை சூடாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அத்தாவையோ தாத்தாவையோ கூப்பிட்டுவிடுங்கள். இன்குபேட்டரில் இருந்தாலும் வழி பண்ணலாம்.

சேனை வைப்பது வேறு. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைக்கக் கூடாது, முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்தான். ஆனால், சேனை என்பது குழந்தைக்கு யாருடைய குணம் வரவேண்டும் என்று பெரியவர்கள் பார்த்துச் செய்யும் மரியாதை. அந்த மரியாதையைப் பறிக்காதீர்கள். எந்தப் பாட்டி சேனை வைக்க இருந்தாரோ, அவர் கையால் குழந்தையை எடுத்துத் தாயின் மார்பில் போடச் சொல்வேன். பத்தில் எட்டுப் பாட்டிகள் ஒத்துக்கொண்டார்கள். மற்ற இருவர் நான் டீ குடிக்கப் போன சமயம் பார்த்தார்கள்.

பிழைக்காது என்று தெரிந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் தாய் தகப்பன் கேட்டு, ஃபாதர் வருவதற்குள் நேரம் இல்லை என்றால், அந்த ஆபத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அவர்கள் திருச்சபையே அனுமதிக்கிறது. கிறிஸ்தவர் அல்லாத நர்ஸ்கூடக் கொடுக்கலாம். அவர்கள் கேட்டால் மட்டும்.

10. சாமி இல்லாதவர்கள்

கறுப்புச் சட்டைப் பெரியவர் ஒருவர், நுரையீரலில் புற்று. தூங்கிக்கொண்டிருந்தபோது ஆயாம்மா பாசத்தோடு நெற்றியில் விபூதி பூசிவிட்டார். எழுந்து துண்டால் துடைத்துக்கொண்டார். திட்டவில்லை. அன்று முழுக்க யாரோடும் பேசவும் இல்லை. இந்தப் பாடத்தின் பெயரில் ‘ஆன்மிகம்’ என்று இருப்பதால் இவர்கள் விட்டுப்போகிறார்கள். ஒருவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று பாருங்கள் என்றுதான் நான் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டேன். அவர் பிடித்திருந்தது காலைப் பேப்பர். கண் மங்கிவிட்டது. டியூட்டி முடிந்து போகிற நர்சிங் மாணவி ஒருத்தி தலைப்பிலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டுப் போவாள். நடுவில் அச்சுப்பிழை இருந்தால் திருத்துவார்.

அவருக்கு ஒரே பயம், செத்த பிறகு பிள்ளைகள் சடங்கு செய்துவிடுவார்களோ என்று. உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். எழுதி வைத்தால் மட்டும் போதாது, கடைசியில் ஒப்படைப்பது குடும்பம்தான். மகன்களை அவர் முன்னாலேயே உட்காரவைத்துப் பேசவைத்தோம். உடற்கூறியல் துறை போன் நம்பரைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். கண்களையும் கொடுக்கச் சொல்லியிருந்தார். இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையால் உயர்த்தி, ஃபேனை நிறுத்துங்கள். அவர் உயிர் போனதும் நானே எழுந்து ஃபேனை நிறுத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் புழுங்குகிறது என்று சத்தம் போட்டார்கள்.

11. மருந்து குடித்துவிட்டு வந்தவர்கள்

வயிறு கழுவும்போதே திட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. “பெத்தவங்களை நெனச்சியா? சாமி மன்னிக்குமா?” என்று. நானும் திட்டியிருக்கிறேன். தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. சட்டமே அப்படிப் பார்க்கும்போது நாம் எதற்கு நீதிபதி ஆக வேண்டும்?

“இப்பவும் அந்த எண்ணம் வருதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் யாருக்கும் புதிதாக எண்ணம் வந்துவிடாது. ‘வருது’ என்றால் அதை ரகசியமாக வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. உடனே டாக்டருக்குச் சொல்லி, மனநலப் பிரிவுக்கு எழுதவைத்து, கட்டிலை உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் போடுங்கள். புற்றுநோய் வார்டிலும் ‘போய்ச் சேர்ந்தா போதும்’ என்பார்கள். அலுப்பில் சொல்வது எது, திட்டத்தோடு சொல்வது எது என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

12. நோன்பு, ரத்தம், கேப்ஸ்யூல்

ரமலான் மாதத்தில் இன்சுலின் போடும் முன் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்காதீர்கள், கூச்சத்தில் ‘ஆமாம்’ என்றுவிடுவார்கள். “நோன்பு வச்சிருக்கீங்களா?” என்று கேளுங்கள். நோயாளி விட்ட நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ள அவர்கள் மார்க்கத்திலேயே இடம் உண்டு. அதை நீங்கள் எடுத்துச் சொல்வதைவிட அவர்கள் பள்ளிவாசல் இமாம் சொல்வது எடுபடும், போன் போட்டுக் கொடுங்கள். யெகோவாவின் சாட்சிகள் ரத்தம் ஏற்ற மறுப்பார்கள். வாதாடாமல் அட்மிஷன் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள், ஆபரேஷன் அன்று காலையில் அல்ல. கேப்ஸ்யூல் உறையில் பெரும்பாலும் விலங்கு ஜெலட்டின்தான். சுத்த சைவக்காரர் மாத்திரையைத் தலையணை உறைக்குள் சேர்த்துவைக்கிறார் என்றால் காரணம் அதுவாகவும் இருக்கலாம், மாற்று உண்டா என்று கேளுங்கள்.

13. கடைசி மணி நேரங்கள்

“வீட்டுக்குக் கொண்டுபோயிடறோம்” என்பார்கள். உடனே “எங்க பேச்சைக் கேக்காம போறோம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க” என்று காகிதத்தை நீட்டாதீர்கள். பல ஊர்களில் வெளியே உயிர் போனால் உடலை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள், வாசலோடு சரி. தன் வீட்டு நடுக்கூடத்தில் போக வேண்டும் என்பது அந்த மனிதரின் ஆசை. டாக்டரும் இனி செய்ய ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டால், வலி மருந்தைக் கையில் கொடுத்து, எப்படிக் கொடுப்பது என்று காட்டி, புரட்டிப் போடவும் வாய் துடைக்கவும் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரண நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, நோயாளி போய்ச் சேரும் முன் உங்கள் போன் போய்ச் சேர வேண்டும்.

வார்டிலேயே போகிறவருக்கு, அவரவர் வழி. முஸ்லிம் என்றால் முகத்தை மேற்கே திருப்ப வசதியாகக் கட்டிலை நகர்த்துங்கள், பக்கத்தில் கலிமா சொல்ல ஓர் ஆளுக்கு இடம் விடுங்கள். கத்தோலிக்கர் என்றால் ஃபாதரைச் சீக்கிரமே கூப்பிடுங்கள். நோயில் பூசுதல் என்பது நோயாளிக்கான சடங்கு, உயிர் போகும் வரை வைத்திருந்து கூப்பிட வேண்டியதில்லை. இந்துக் குடும்பங்களில் பாலோ துளசித் தண்ணீரோ கேட்பார்கள், பஞ்சு முறைதான்.

இழுத்துக்கொண்டே கிடந்தால் மண்ணாசை என்பார்கள். ஊரில் அவர் உழுத நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் விடக் கொண்டுவருவார்கள். அந்த மண்ணைப் பார்த்து முகம் சுளித்த ஹவுஸ் சர்ஜனை வெளியே கூட்டிப்போய், “டாக்டர், நாக்குல வேண்டாம், உள்ளங்கையில வைக்கச் சொல்றேன்” என்றேன். வைத்தார்கள். நாலு விரலும் மடங்கின. அது நரம்பு செய்த வேலையாகத்தான் இருக்கும். மகள் அப்படி நினைக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மயக்கத்தில் இருப்பவருக்குக் காது கேட்காது என்று நம்பி, அவர் தலைமாட்டில் நின்று ஆம்புலன்ஸ் வாடகை பேசாதீர்கள்.

14. எழுதி வையுங்கள்

நீங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டது உங்கள் ஷிஃப்டோடு போய்விடக் கூடாது. ‘கயிறு முந்தானையில் உள்ளது’, ‘ஃபாதர் நாளை 10 மணிக்கு’, ‘விபூதி வைக்க வேண்டாம்’. ஹேண்ட் ஓவரில் பல்ஸ், பிரஷருக்குப் பக்கத்தில் இந்த மூன்று வார்த்தை போதும். நர்சிங் நோய்க்குறிப் பட்டியலில் ‘ஆன்மிகத் துயர்’ 1978இலேயே இடம் பிடித்துவிட்டது, நம் நோட்டில்தான் இன்னும் இடம் பிடிக்கவில்லை. ஆனால், மாமியார் தண்ணீர் கேட்ட கதை மாதிரி இருப்பவற்றை நோட்டில் எழுதக் கூடாது, ஆள் தெரியும்படி பேசவும் கூடாது.

15. அழுகை வந்தால்

வரட்டும். ஸ்டோர் ரூம் எதற்கு இருக்கிறது? லினன் அலமாரிக்குப் பின்னால் நின்று மூன்று தலைமுறை நர்சுகள் அழுதிருக்கிறோம். முகம் கழுவிவிட்டு வாருங்கள். எந்தச் சாவுக்கும் அழுகை வரவில்லை என்ற நாள் வந்தால், சீனியர் யாரிடமாவது சொல்லி வேறு வார்டு கேளுங்கள். நான் ஒரு தடவை கேட்டேன். ஆறு மாதம் கண் வார்டில் இருந்தேன், நன்றாகத்தான் இருந்தது.

16. தலையணை

உடலை அனுப்பியதும் கட்டிலைச் சுத்தம் செய்ய ஆள் வருவதற்கு முன்னால், தலையணைக்கு அடியில் நீங்கள் கை விட்டுப் பாருங்கள். உறைக்குள்ளேயும் பாருங்கள், மெத்தையின் தலைமாட்டு மடிப்பிலும். திருச்செந்தூர் இலை விபூதி, வேளாங்கண்ணி ஜெபமாலை, நாகூர் தாயத்து, பேரன் வரைந்த யானை, நூற்றுப் பத்து ரூபாய் எல்லாம் எடுத்திருக்கிறேன். எல்லாம் ஷீட்டோடு சேர்ந்து லாண்டரிக்குப் போய்விடும்.

ஒரு தடவை பொட்டலம் ஒன்று இருந்தது, மஞ்சள் துணியில் மூன்று முடிச்சு. பிரித்துப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். ஆயாம்மாவுக்கு அப்போதே 58 வயது, முழங்காலில் வலி. பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, செருப்பை வராந்தாவிலேயே விட்டுவிட்டு, மெயின் கேட் வரைக்கும் ஓடினார்.